வீட்டில் கார் துலக்குவோர் கவனத்திற்கு

விரிஞ்சிபுரத்திலும் அதைச் சூழ்ந்த பாலாற்றங்கரைச் சிற்றூர்களிலும் வீட்டு வாசலில் ஒரு கார் நிற்பது இப்போது அபூர்வமான காட்சியன்று. சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலை அருகிலேயே செல்வதால், வேலூர் மருத்துவமனைகளுக்கும் ஆம்பூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கும் ஆட்களை ஏற்றிச் சென்று பிழைக்கும் இளைஞர்கள் நம் அங்கத்தினர் குடும்பங்களிலும் உளர். இவர்களுடைய கார்களில் பல ஒரு கை மாறி வந்தவை. பல கடன் பெற்று வாங்கியவை. தவணை தீரும் வரை அந்த வண்டியே கடனுக்கு ஈடாக நிற்கிறது. தவணை தீர்ந்த பின் அதை விற்று வேறொன்று வாங்க முற்படும்போது, வாங்க வருபவர் என்ஜினைத் திறந்து பார்ப்பதற்கு முன் வண்டியை ஒருமுறை சுற்றி வருகிறார். அவர் கண் முதலில் படுவது வர்ணத்தின் மீது.

ஆகவே ஞாயிறுதோறும் காலையில் வாளியும் துணியுமாக வண்டியைத் துலக்க உட்காருவது நல்ல பழக்கமே. வெளியே கொடுத்துக் கழுவும் கூலியும் மிச்சமாகிறது. ஆனால் ஆய்வுக்குச் செல்லும் ஊர்களில் நான் கண்டவரையில், கவனிப்பாரற்று நின்ற வண்டியைவிட, அன்றாடம் அக்கறையோடு துடைக்கப்பட்ட வண்டியின் மேனியே சில இடங்களில் அதிகம் கெட்டிருக்கிறது. காலை வெயிலில் பானெட்டின் மீது சாய்வாகப் பார்த்தால், சிலந்தி வலை பின்னியது போல வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள் தெரியும். அவை சாலையில் விழுந்தவை அல்ல. துடைத்த கையால் விழுந்தவை. அழுக்கு இருப்பதால் வரும் நஷ்டம் சிறிது. அழுக்கை எடுக்கும் முறையால் வரும் நஷ்டமே பெரிது.

இதற்குக் காரணம் இக்காலத்து வர்ணத்தின் அமைப்பு. தகட்டின் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், அதன் மேல் நிறமற்ற ஒரு மேற்பூச்சு என அடுக்கடுக்காகப் பூசுகிறார்கள். எல்லாம் சேர்ந்து சாதாரணமாக 100 முதல் 150 மைக்ரான் கனமே இருக்கும். பளபளப்பைத் தருகிற மேற்பூச்சு மட்டும் சுமார் 40 முதல் 50 மைக்ரான். தலைமயிர் ஒன்றின் கனம் ஏறத்தாழ 70 மைக்ரான் என்றால், வண்டியின் அழகு முழுவதும் மயிரிழையினும் மெல்லிய ஒரு படலத்தில் தங்கியிருக்கிறது என்பதை அங்கத்தினர்கள் உணரலாம். அம்பாஸடர் கார்கள் ஓடிய காலத்தில் வர்ணம் வேறு வகையானது; வெயிலில் அது சுண்ணாம்பு பூத்தாற்போல வெளிறும். அதை ரப்பிங் காம்பவுண்டு வைத்துத் தேய்த்துப் புதுப்பிப்பது அன்றைய டிரைவர்களின் வழக்கம். அம்பாஸடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. தேய்க்கும் வழக்கம் மட்டும் நிற்கவில்லை. ஆண்டுதோறும் பண்டிகைக்கு முன் காம்பவுண்டு போட்டுத் தேய்ப்பவர், ஒவ்வொரு முறையும் மேற்பூச்சில் சில மைக்ரானைச் சுரண்டி எடுக்கிறார். போனது திரும்ப வளராது. மேற்பூச்சு தீர்ந்த இடத்தில் மறு வர்ணம் பூசுவதைத் தவிர வழியில்லை; ஒரு கதவுக்கே சில ஆயிரம் ரூபாய் ஆகும்.

தவறுகளுள் முதலாவது, உலர்ந்த தூசியை உலர்ந்த துணியால் தட்டித் துடைப்பது. பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கிறது. காற்றடித்தால் அந்தப் பொடி ஊரெங்கும் படிகிறது. ஆற்று மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ் என்னும் கல். கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் அதற்கு 7. சாதாரணக் கண்ணாடிக்குச் சுமார் 5½. கண்ணாடியையே கீறும் பொருளை மெல்லிய மேற்பூச்சின் மீது வைத்துத் துணியால் அழுத்தி இழுத்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. வாடகைக் கார் நிற்கும் இடங்களில் சவாரி வருவதற்குள் பத்து முறை துடைத்துக்கொண்டிருக்கும் தம்பிகளை நாம் பார்க்கிறோம். அவர்களுடைய சுறுசுறுப்பைக் குறை கூறுவதற்கில்லை. கண்ணாடியையும் கைப்பிடியையும் மட்டும் ஈரத்துணியால் துடைத்து, மற்ற இடத்துத் தூசியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவும் வேளை வரை விட்டுவைப்பதே வண்டிக்கு நன்மை.

இனித் துணி. இவ்விஷயத்தில் நெசவாளராகிய நம் அங்கத்தினருக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் தறியில் அறிந்ததைக் காரின் பக்கம் வந்தவுடன் மறந்துவிடுகிறோம். பழைய குடியாத்தம் லுங்கியோ கிழிந்த வேட்டியோ மெத்தென்று இருக்கிறது என்பதற்காக அதைக் கார்த்துணியாக ஒதுக்குகிறோம். பாவும் ஊடையும் ஒன்றுவிட்டு ஒன்று ஏறி இறங்கும் சாதா நெசவில் மேற்பரப்பு தட்டையாக அமைகிறது. அதில் சிக்கிய மணல் உள்ளே போக இடமின்றித் துணிக்கும் வர்ணத்துக்கும் நடுவே உருண்டுகொண்டே வருகிறது. பூந்துவாலையில் அப்படியன்று, நிற்கும் சுருள் இழைகளுக்கிடையே மணல் இறங்கிவிடுகிறது. மைக்ரோஃபைபர் என்று கடைகளில் விற்கும் துண்டின் பெருமையும் இதுவே. அது பாலியெஸ்டரும் நைலானும் கலந்த இழை. பெரும்பாலும் 80-க்கு 20 அல்லது 70-க்கு 30 என்ற விகிதம். 9,000 மீட்டர் இழை ஒரு கிராம் எடை இருந்தால் ஒரு டெனியர் என்பது பட்டு நெய்வோர் அறிந்த கணக்கு. கூட்டிலிருந்து எடுக்கும் பட்டிழை 2 முதல் 3 டெனியர் வரை இருக்கும். மைக்ரோஃபைபரின் ஒற்றையிழையோ ஒரு டெனியருக்கும் குறைவு. அத்துணை மெல்லிய இழைகள் தண்ணீரையும் அழுக்கையும் உள்ளே இழுத்துக்கொள்கின்றன.

ஆனால் அந்தத் துண்டையும் கெடுத்துக்கொள்ள வழி உண்டு. துணிக்கு மணமும் மென்மையும் தரும் திரவத்தில் அதை அலசினால் இழைகளின் மேல் ஒரு படலம் ஏறித் தண்ணீர் உறிஞ்சும் சக்தி போய்விடும். கொதிநீரில் போடுவதும் கூடாது. சக்கரத்தைத் துடைத்த துண்டைப் பானெட்டுக்குக் கொண்டு வரலாகாது. ஆகவே மூன்று நிறத்தில் மூன்று துண்டு வாங்கி, இன்னது இன்னதற்கு என்று வைத்துக்கொள்ளலாம். தரையில் விழுந்த துண்டு அன்றைக்கு விழுந்ததுதான். உதறிவிட்டு மீண்டும் எடுக்கக் கூடாது. பருத்தித் துணிதான் கையில் உண்டு என்பவர், பலமுறை வெளுத்துக் கஞ்சிப் பசை முழுவதும் போன பூந்துவாலையை எடுத்துக்கொள்ளட்டும். தையல் விளிம்பையும் சரிகைக் கரையையும் முதலில் வெட்டிவிட வேண்டும். பட்டறைகளில் கை துடைக்கும் பஞ்சுக் கழிவில் விதைத்தோலும் குச்சியும் கலந்திருக்குமாதலால் அது வர்ணத்தின் பக்கமே வரக் கூடாது.

தண்ணீர்தான் நம் வட்டாரத்தின் தனிப் பிரச்சினை. பச்சைத்தோல் கெடாதிருக்க உப்பிட்டு வைக்கிறார்கள். பதனிடுமுன் அதை ஊறவைத்து அலசும்போது அந்த உப்பெல்லாம் கழிவு நீரில் இறங்குகிறது. பல்லாண்டுக் காலம் அக்கழிவு பாலாற்றுப் படுகையில் சேர்ந்ததன் விளைவை விவசாயிகள் கிணற்றிலும் பயிரிலும் கண்டார்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு நாடறிந்தது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை அது நிலைநாட்டியது. தீர்ப்பு வந்ததால் கிணற்று நீர் உடனே இனித்துவிடவில்லை. பாறையிலிருந்து இயல்பாகக் கரையும் கால்சியமும் மக்னீசியமும் வேறு அதில் சேர்ந்துள்ளன. குடிநீரில் கரைந்த பொருள்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காவிடில் 2,000 வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணய விதி கூறுகிறது. இந்த மேல் எல்லையையும் தாண்டும் கிணறுகள் தோல் பதனிடும் பகுதியில் உண்டு.

இத்தகைய நீரை வெயிலில் சுடும் தகட்டின் மீது ஊற்றினால், துடைப்பதற்குள் அது காய்ந்துவிடும். தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு போகாது. ஒவ்வொரு துளியும் காய்ந்த இடத்தில் வெள்ளை வளையம் நிற்கும். அன்றே துடைத்தால் போய்விடும். அப்படியே விட்டு மேலும் இரண்டு மூன்று வெயில் கண்டால் அந்த வளையம் மேற்பூச்சையே அரித்துப் பள்ளம் செய்துவிடுகிறது. கறுப்பு, அடர்நீல வண்டிகளில் இது கோரமாகத் தெரியும். ஆகவே நண்பகலில் கார் கழுவுவது நம் ஊரில் பெருந்தவறு. காலை ஏழு மணிக்குள், அல்லது வெயில் தாழ்ந்து தகடு கைக்குக் குளிர்ந்த பின், நிழலில் நிறுத்திக் கழுவ வேண்டும். முழு வண்டியையும் நனைத்துவிட்டு ஒரு மூலையிலிருந்து துடைக்கத் தொடங்குவதைவிட, கூரை, பானெட், ஒரு பக்கம் எனப் பகுதி பகுதியாகக் கழுவி உடனுக்குடன் ஒற்றி எடுப்பது மேல்.

இங்கே ஒரு செய்தி முக்கியமாகக் கவனிக்கத்தக்கது. வீடுகளில் ஆர்.ஓ. கருவி வைத்திருப்போர், அதிலிருந்து வெளியேறும் கழிவு நீரை வீணாக்கக் கூடாதென்று பிடித்து வைத்துக் காருக்கு ஊற்றுகிறார்கள். சிக்கனம் போற்றத்தக்கதே, ஆனால் அந்நீரில் இருப்பது கிணற்று நீரின் உப்பே, இன்னும் செறிந்த நிலையில். தரை கழுவவும் கழிப்பறைக்கும் அது பயன்படட்டும், காருக்கு ஆகாது. கடைசி அலசலுக்கு ஏற்றது மழைநீர். 2003 முதல் நம் மாநிலத்தில் கட்டிடங்களுக்கு மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டதை யாவரும் அறிவர். கூரைக் குழாயடியில் மூடியுள்ள ஒரு பீப்பாய் வைத்து, முதல் மழையைப் போகவிட்டுப் பின்னர்ப் பிடித்தால், பல வாரங்களுக்கு ஒரு குடம் வீதம் வரும். குளிர்சாதனக் கருவியிலிருந்து சொட்டும் நீரும் ஏறத்தாழ உப்பற்றதே.

தண்ணீர் எவ்வளவு வேண்டும் என்று கேட்போருக்கு: பதினைந்து லிட்டர் வாளி நான்கு போதும். ரப்பர் குழாயைத் திறந்து விட்டுவிட்டு அரை மணி நேரம் கழுவுகிறவர், தம் வீட்டுக் குழாய் ஒரு வாளியை எத்தனை நிமிடத்தில் நிரப்புகிறது என்று ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்தால் தாமே திடுக்கிடுவார். நான்கு வாளியில் முதலாவது, மேலிருந்து கீழாக ஊற்றி மணலை இறக்குவதற்கு. இரண்டாவது ஷாம்பு கரைத்தது. மூன்றாவது வெறும் நீர். தேய்த்த துண்டை ஒவ்வொரு முறையும் இதில் அலசி மணலை விட்ட பின்னரே ஷாம்பு வாளியில் நனைக்க வேண்டும். ஒரே வாளியில் நனைத்து நனைத்துத் தேய்ப்பவர், எடுத்த மணலையே திரும்பப் பூசுகிறார். நான்காவது அலசுவதற்கு. சக்கரங்களைத் தனித் துணியால் கழுவ வேண்டும். அங்கே படிவது வெறும் மண்ணன்று, பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புப் பொடி.

சோப்பைப் பற்றியும் கூற வேண்டும். துணி சோப்புக் கட்டியைக் கரைத்து ஊற்றுவது பலருடைய வழக்கம். கடின நீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்து, கால்சியத்தோடு கூடி வெள்ளைப் பிசுக்காகிவிடும். குளியலறைச் சுவரில் படிவது இதுவே. அது வர்ணத்தின் மீதும் படிகிறது. சலவைத் தூளில் சோடா உப்பு உண்டு. பாத்திரம் துலக்கும் திரவம் எண்ணெய்ப் பசையை எடுப்பதற்கென்றே செய்யப்பட்டதாதலால், காப்புக்காகப் பூசிய மெழுகையும் சேர்த்து எடுத்துவிடும். காருக்கென்று விற்கும் ஷாம்பு ஒரு புட்டி பல மாதங்களுக்கு வரும். விலையைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. மெழுகு என்றவுடன் நினைவுக்கு வருகிறது: உயர்ந்த கார் மெழுகு எனப்படும் கார்னோபா, பிரேசில் நாட்டுப் பனையொன்றின் ஓலையில் படியும் படலமே. வறட்சியில் ஓலையின் ஈரம் போகாதிருக்க அந்த மரம் செய்துகொண்ட ஏற்பாட்டை மனிதன் காருக்குப் பூசிக்கொள்கிறான்.

உப்பு வளையத்தைப் போக்கப் புளி, எலுமிச்சை, கழிப்பறை அமிலம் என்று வீட்டில் உள்ள எதையும் வைத்துத் தேய்ப்போர் உண்டு. பித்தளைச் செம்புக்குப் புளி சரி. காருக்குப் புளியின் நாரும் திப்பியும் கீறலே தரும். கழிப்பறைத் திரவத்தில் உள்ளது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது வர்ணத்தையும் சக்கரத்து அலுமினியத்தையும் அரித்துவிடும். வெள்ளை வினிகரில் சம பங்கு நல்ல நீர் கலந்து, துணியில் நனைத்துச் சிறிது நேரம் ஒற்றி வைத்து, உடனே அலசிவிடுவது போதுமானது. முதலில் கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில் செய்து பார்க்க வேண்டும். பறவை எச்சத்தையும் நாள் கடத்தலாகாது. காய்ந்ததைச் சுரண்டாமல், ஈரத்துணியைப் பத்து நிமிடம் போர்த்தி ஊறவைத்து எடுக்க வேண்டும்.

தோல் நாட்டில் வாழும் நாம் தோலைக் கையாளுவதில் தவறு செய்வது வேடிக்கையே. கார் துடைக்கும் ஷாமி என்ற மெல்லிய தோல், செம்மறித் தோலின் உள்ளடுக்கை மீன் எண்ணெய் ஊட்டிப் பதனிட்டது. ஆகவேதான் அது தண்ணீரைக் குடிக்கிறது. செருப்புக்கும் ஷூவுக்கும் போகும் குரோம் தோலின் வெட்டுத்துண்டு அவ்வாறு குடிக்காது. தோல்தானே என்று அதை எடுத்துத் துடைப்பது வீண். ஷாமியைச் சோப்பிலிட்டால் எண்ணெய் போய் விறைத்துவிடும். வெறும் நீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். இருக்கைத் தோலுக்கு வருவோம். முதலில் அது தோல்தானா என்று பார்க்க வேண்டும்: மறைவான ஓர் ஓரத்து வெட்டு விளிம்பில் நார் தெரிந்தால் தோல், நெய்த துணி தெரிந்தால் ரெக்சின். தோலாயிருப்பினும் அதன் மேல் நிறமும் பாலியூரிதேன் பூச்சும் உள்ளன. தேங்காயெண்ணெய் அதனுள் இறங்காது. மேலே நின்று தூசியைப் பிடித்துப் பிசுபிசுத்து, சில நாளில் நாறும். ஷூ பாலிஷ் போட்டுப் பளபளப்பாக்கியவரின் வண்டியில் வெள்ளை வேட்டியோடு ஏறி இறங்கியவர்களுக்கு அதன் பலன் தெரியும். நன்கு பிழிந்த ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றினால் போதும்.

ஆயுத பூஜை நாளில் வண்டிகளுக்கு நேர்வதைச் சொல்லாமல் விட இயலவில்லை. விரிஞ்சிபுரத்து இறைவன் மார்க்கபந்தீசுவரர், தமிழில் வழித்துணைநாதர். வழிச்செல்வோருக்குத் துணையாக நிற்பவர் என்று போற்றும் ஊரில், வண்டிக்குப் பொட்டு வைக்காதீர்கள் என்று யார் சொல்ல முடியும்? வைக்கும் இடத்தையும் எடுக்கும் நேரத்தையும் மட்டும் கவனித்தால் போதும். குழைத்த சந்தனம் காய்ந்தால் மணல்போல ஆகும். மஞ்சளும் குங்குமமும் வெயிலில் வெள்ளை வர்ணத்தில் கறையாகப் பதியும். பொட்டைக் கண்ணாடியிலும் எண் தகட்டின் எழுத்தில்லாத ஓரத்திலும் வைக்கலாம். மறுநாள் காலையே நீர் விட்டு ஊறவைத்துக் கழுவ வேண்டும். உலர்ந்த துணியால் சுரண்டலாகாது. பானெட்டின் குறுக்கே மாலையைக் கம்பியால் இழுத்துக் கட்டி நெடுஞ்சாலையில் ஓட்டினால், காற்றில் அது ஆடி ஆடி இரண்டு வரி கீறிவிடும். நூலால் கட்டுவதே நலம். முன் கண்ணாடியில் டிரைவரின் பார்வை படும் இடத்தில் எதையும் பூசாமலிருப்பது உயிரைப் பற்றிய விஷயம்.

உள்ளே துலக்குவதிலும் உயிரைப் பற்றிய விஷயங்கள் சில உள்ளன. டாஷ்போர்டில் சிலிக்கான் பூசி மினுமினுக்கச் செய்தால், பகல் வெயிலில் அதன் நிழல் முன் கண்ணாடியில் தெரிந்து எதிர்வரும் லாரியை மறைக்கும். ஸ்டியரிங்கிலும் பெடலிலும் அதே பளபளப்பைத் தடவுவது விபத்தை அழைப்பதாகும். டயரின் பக்கச் சுவரில் கறுப்பு மை பூசலாம். தரையைத் தொடும் பட்டையில் படக் கூடாது. இருக்கையின் பக்கவாட்டில் காற்றுப்பை உள்ள வண்டிகளுக்கு, அதை மறைத்துத் தைத்த உறையை மாட்டினால் விபத்தின்போது பை விரிய இடமிராது.

என்ஜின் அறைக்குள் அழுத்த நீர் பாய்ச்சுவதும், அடிப்பாகத்துக்கு டீசலும் பழைய என்ஜின் ஆயிலும் அடிப்பதும் இன்னும் நடக்கின்றன. முன்னதால் ஆல்டர்னேட்டரும் மின் இணைப்புகளும் கெடும். பின்னதால் ரப்பர் புஷ்கள் ஊதிப் பிளக்கும். சொட்டும் எண்ணெய் மழையோடு கலந்து கிணற்றுப் பக்கம் இறங்கும். ஏற்கெனவே உப்பைத் தாங்கும் கிணற்றுக்கு இதுவும் வேண்டியதில்லை. மூடிய கொட்டகைக்குள் என்ஜினை ஓடவிட்டு வண்டியை உலர்த்துவதும் கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு மணமில்லை.

கழுவி முடித்தவுடன் வண்டியைப் பூட்டி உறை போட்டுவிடாமல், பிரேக் நனைந்திருக்கிறது என்பதை நினைவில் வைத்துத் தெருக்கோடி வரை மெதுவாக ஓட்டி, இரண்டு மூன்று முறை பெடலை மெல்ல அழுத்திப் பார்க்க வேண்டும். பிடிப்பு முன்போல் வந்த பிறகு திரும்பி நிழலில் நிறுத்தி, நான்கு கதவுகளையும் கால் மணி நேரம் திறந்து வைத்தால் உள்ளே நின்ற ஈரமும் உலர்ந்துவிடும்.